உங்களுக்குத் தெரியுமா? பில்லியர்ட்ஸ் கோலின் நுனியில் 170 கிலோ பாரம்!

பாக்கெட் பில்லியர்ட்ஸ் (pool) ஆட்டத்தின் முதல் அடியான ‘பிரேக்’கில், 13 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட கோல்நுனி சுமார் 170 கிலோ பாரத்துக்கு நிகரான விசையைத் தாங்குகிறது. அதுவும் நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான்! சுமார் 170 கிராம் எடையுள்ள வெள்ளைப் பந்தை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் கிளப்பினால் வரும் சராசரிக் கணக்கு இது.

• ஆனால் நேராக விழும் அடியில் நல்ல கோல் உடைவது அரிது. ஆபத்து பெரும்பாலும் பந்து போன பிறகுதான். உடல் முழுவதையும் முன்னே வீசி அடிப்பவர்களின் கோல்நுனி மேசைத் துணியில் ஊன்றிக்கொள்ளும். பின்னாலிருந்து வரும் வேகமோ நிற்காது. நடுவில் கோல் வில்லாக வளைகிறது. வளைவு எல்லை மீறினால் படீர்!

• மரத்தின் பலம் அதன் நாரோட்டத்தில் இருக்கிறது. மேப்பிள் மரக் கோலில் நார்கள் நீளவாக்கில் ஓடாமல் சரிந்து பக்கவாட்டில் முடிந்தால், அந்தச் சரிவிலேயே பிளவு ஓடும். கோல் வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

• வழவழப்புக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பதும் கெடுதல். 13 மில்லிமீட்டர் 12 ஆனாலே அந்த இடத்தின் விறைப்பு கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

• பிரேக்கின் இந்தப் பெரும் விசை காரணமாகவும்தான் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் அதற்கென்றே தனிக் கோல் வைத்திருக்கிறார்கள்.