ஷவர் தட்டு பதிக்கப் போகிறீர்களா?

வீட்டைப் புதுப்பிக்க முனைகின்றவர்கள் முன்கூடத்துக்கும் சமையலறைக்கும் செலவிடும் சிந்தனையில் கால் பங்கைக்கூடக் குளியலறைக்குச் செலவிடுவதில்லை. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் வழுக்கி விழும் அபாயம் மிகுந்த இடம் அதுதான். மாடிக் குளியலறையில் நீர் கசிந்தால் கீழ்வீட்டாரின் கூரையில் கறை படியும். நாளடைவில் இரு குடும்பங்களுக்கும் இடையே பேச்சும் முறியும்.

இவ்விரு தொல்லைகளுக்கும் பரிகாரமாகப் பலர் இன்று ஷவர் தட்டை நாடுகின்றனர். குளிக்கும் மூலையில் பதிக்கப்படும் ஆழமற்ற தட்டு அது. விளிம்பு சற்றே உயர்ந்தும், உட்புறம் வடிகால் துளையை நோக்கிச் சரிந்தும் இருக்கும். அக்ரிலிக், பீங்கான், கல்தூளும் பிசினும் கலந்து வார்த்தது எனப் பல வகைகள் உள்ளன. பரவலாகக் கிடைக்கும் அளவு 900 மில்லிமீட்டர் சதுரம், ஏறத்தாழ மூன்றடி.

வாங்குமுன் உங்கள் வீட்டில் எப்படிக் குளிக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஷவரின் கீழ் நின்று குளிப்பவருக்கு மூன்றடி போதும். வாளியும் குவளையும் வைத்துக்கொண்டு முக்காலியில் அமர்ந்து குளிப்பவருக்கு அது போதவே போதாது. அவ்வாறான வீட்டில் தட்டைத் தவிர்த்து, குளிக்கும் பகுதியின் தளத்தையே சற்றுத் தாழ்த்தி, மூன்றடிக்கு முக்கால் அங்குலம் சரிவு கொடுத்து, சொரசொரப்பான ஓடு பதிப்பதே மேல் என்பது என் கருத்து. கடைக்காரர் இதை உங்களிடம் சொல்லப் போவதில்லை!

தட்டுதான் என்று முடிவு செய்துவிட்டால், முதலில் வடிகாலைக் கவனியுங்கள். கழிவுநீர்க் குழாயிலிருந்து நாற்றமும் பூச்சிகளும் மேலேறாமல் தடுப்பது 'ட்ராப்' எனப்படும் வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் நீர்தான். அந்த நீர் 50 மில்லிமீட்டர் உயரமாவது நிற்க வேண்டும். முடியும் சோப்புக் கசடும் அடைத்துக்கொள்ளும்போது மேலிருந்தே மூடியைத் திறந்து துப்புரவு செய்யக்கூடிய ட்ராப்பாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையேல் ஒரு சிறு அடைப்புக்காகத் தட்டையே பெயர்க்க நேரிடும். ட்ராப் அமையும் அளவுக்குத் தரையில் ஆழம் இல்லையெனில் சிலர் மேடை கட்டி அதன்மேல் தட்டை வைத்துவிடுகின்றனர். வயதானவர்கள் உள்ள வீட்டில் அந்த மேடையே தடுக்கி விழச் செய்யும்.

தட்டு இருக்கிறதே என்று நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சை விட்டுவிடாதீர்கள். சுவரும் தரையும் சேரும் மூலை, குழாய் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடம் ஆகியவற்றில்தான் கசிவு தொடங்குகிறது. பூச்சு உலர்ந்தபின் வடிகாலை அடைத்து, தரையில் நீர் நிரப்பி, 24 மணி நேரம் விட்டுவைத்துக் கீழ்க்கூரையைப் பாருங்கள். ஒரு நாள் வேலை வீணாகிறதே என்று மேஸ்திரி முணுமுணுக்கத்தான் செய்வார். ஓடு பதித்தபின் கசிவு தெரிந்தால் உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதை அவரும் அறிவார்.

தட்டின் அடிப்பாகம் முழுவதும் சிமெண்டுக் கலவையில் நன்கு பதிந்திருக்க வேண்டும். நான்கு மூலைகளில் மட்டும் கலவை வைத்து அமர்த்தினால், ஆள் ஏறி நிற்கும்போதெல்லாம் அக்ரிலிக் சிறிது வளையும். விளிம்பில் பூசிய சிலிக்கான் மயிரிழையளவு பிளந்து கொடுக்கும். அதன் வழியே நீர் இறங்கும். சரிவு தட்டிலேயே இருப்பதால் விளிம்பை ரசமட்டம் வைத்துச் சமமாகவே பதிக்க வேண்டும். வழக்கப்படி கொத்தனார் ஒரு சாய்வு கொடுத்துவிட்டால் ஒரு மூலையில் நீர் தேங்கும். சுவர் ஓடுகள் தட்டின் விளிம்புக்கு மேலாக வந்து முடியட்டும். சிலிக்கான் பூசுமுன் தட்டில் நீரை நிரப்பி, அது இறுகும்வரை வடிக்காமல் வைத்திருங்கள். எடை ஏறும்போது இடைவெளி எவ்வளவு விரியுமோ அவ்வளவையும் பூச்சு அப்போதே நிரப்பிவிடும்.

நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. சுபுஹுத் தொழுகைக்கு எழும் பெரியவர்கள் உளூவின் இறுதியில் ஈரத்தரையில் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலைக் கைகழுவும் தொட்டியில் தூக்கி வைக்கின்றனர். இதைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு பதறும். தட்டு பதிக்கும் வேலையோடு, அதன் ஓரத்தில் பதினேழு அங்குல உயரத்தில் ஓர் இருக்கையும், அமர்ந்தபடியே கால் கழுவ ஒரு தாழ்வான குழாயும் அமைத்துவிடலாம். எழுந்து நிற்கப் பிடித்துக்கொள்ள ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் கைப்பிடிக் கம்பி ஒன்றையும் பொருத்துங்கள். அதன் திருகாணி ஓட்டில் மட்டும் நில்லாமல் செங்கல் சுவருக்குள் ஆழமாக இறங்க வேண்டும். குழாயில் நீர் மெல்லிதாக வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூவும், ஒரு ஸாஉ அளவில் குளிப்பும் முடித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஒரு ஸாஉ என்பது ஏறத்தாழ 3 லிட்டர். நம் ஷவர் ஒரே நிமிடத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொட்டிவிடுகிறது.

பராமரிப்பில் ஒன்று மட்டும்: கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை இங்கே ஊற்றாதீர்கள். அது ஓடுகளின் இடுக்கில் உள்ள சிமெண்டை அரித்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் வீடுகளில், கடைசியாகக் குளிப்பவர் தட்டை ஒரு துணியால் துடைத்துவிட்டு வந்தால் உப்புக்கறை படியாது.