அத்தையின் கைரேகை

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு 1 ஏக்கர் 20 சென்ட் நிலம். மல்லாட்டைதான் முக்கிய வெள்ளாமை. களை எடுப்பதிலிருந்து காய் ஆய்வது வரை எல்லாம் என் மாமியார்தான். மாமாவுக்கு மேற்பார்வையோடு சரி. ஆனால் பட்டா மாமா பேரில்! 2019-ல் மத்திய அரசின் கிசான் திட்டம் வந்தபோது, நான்கு மாதத்துக்கு ஒரு முறை 2,000 வீதம் வருஷத்துக்கு 6,000 ரூபாய் மாமாவின் கணக்குக்கே போயிற்று. அத்தை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

2022-ல் மாமா தவறிப் போனார். காரியம் முடிந்ததும் என் கணவர், "பட்டாவை என் பேருக்கு மாத்திட்டா போச்சு" என்றார். அவர் அரசுப் பள்ளியில் கிளார்க். கடைநிலை ஊழியர் தவிர, அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பணம் கிடையாது. வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் இல்லை. நான் பத்தாவதோடு நின்றவள்தான், ஆனாலும் இதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். "உங்க பேருக்கு மாத்தினா பணமும் நின்னு போகும், அத்தைக்கும் ஒண்ணும் இருக்காது. அத்தை பேருக்கே எழுதுங்க" என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே போய் வாரிசு சான்றிதழுக்கு மனுக் கொடுத்தார். நாத்தனார்கள் இருவரும் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். (எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது, தெரியும்.) 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல், இறந்தவரிடமிருந்து வாரிசுக்கு வந்தால் தடையில்லை.

பட்டா மாறியும் சரிபார்ப்பு பாக்கி. அது வேண்டியதுதான். 2020-ல் நம் மாநிலத்தில் தகுதியில்லாத 5 லட்சம் பேருக்கு மேல் பட்டியலில் நுழைந்து, 110 கோடி ரூபாய் வரை போய்விட்டதென்று சி.பி.சி.ஐ.டி. விசாரணையே நடந்தது. எங்கள் விழுப்புரம் மாவட்டமும் அதில் உண்டு.

ஆனால் அத்தை விரலை வைத்தால் மிஷின் ஏற்கவே இல்லை! பத்து விரலும் வைத்தாயிற்று. நாற்பது வருஷம் மல்லாட்டை ஆய்ந்து, களைக்கொத்து பிடித்த கை, ரேகையே தேய்ந்திருக்கிறது. போனுக்கு ஓ.டி.பி. வரும் என்றார்கள். ஆதாரில் இருந்ததோ மாமாவின் பழைய நம்பர், அது எப்போதோ நின்றுவிட்டது. ராத்திரியில் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். தோல் மெத்தென்று ஆயிற்றே தவிர, ரேகை வரவில்லை. மூன்றாம் நடை போய்த் திரும்பும்போது அத்தை, "வெள்ளாமை பண்ணாதவன் கைதான் மிஷினுக்குப் புடிக்குது போல" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

2023 ஜூனில் முகத்தைக் காட்டியே சரிபார்க்கும் வசதி வந்தது. வேளாண்மை அலுவலகத்துப் பெண் ஒருவர் அத்தையை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, தன் போனைப் பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்கம்மா" என்றார். ஒரே நிமிஷம்! உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் ரேகை விழாவிட்டால் இந்த வழியைக் கேளுங்கள். ஆதாரில் போன் நம்பரையும் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

பணம் வந்ததும் பாஸ்புத்தகத்தில் பதிந்து காட்டினேன். தன் பேரை விரலால் தடவிப் பார்த்தார் அத்தை. மறுநாள் விதைக்கென்று 1,850 ரூபாயை மகனிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதி 150-ஐ முந்தானையில் முடிந்துகொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.