கணினிவழிக் கடைசலும் வெட்டு வேகமும்

இராமானுசரின் வரலாற்றோடு இணைந்து, தமிழ் வைணவர்களால் திருநாராயணபுரம் எனப் போற்றப்படும் மேல்கோட்டை, மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் குன்றின்மீது அமைந்த கோயில் நகரம். இத்தகைய சிற்றூர்களின் இளைஞர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி அளிக்கும் நிலையங்கள் அண்மையிலேயே உள்ளன. 1972-இல் டென்மார்க்கின் உதவியுடன் பெங்களூரில் தொடங்கப்பெற்ற அரசுக் கருவி அறை மற்றும் பயிற்சி மையம் மைசூரிலும் இயங்கி வருகிறது. இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் 1953-இலும், மத்திய எந்திரக் கருவிக் கழகம் 1962-இலும் பெங்களூரில் உருவானமையால், எந்திரக் கருவித் துறை இப்பகுதியில் வேரூன்றியது.

கணினியால் இயங்கும் கடைசல் எந்திரத்தில், கருவி செல்ல வேண்டிய பாதையை எண்களும் எழுத்துகளும் கொண்ட நிரல் தீர்மானிக்கிறது. ஆனால் எந்த வேகத்தில் வெட்டுவது என்பதை எந்திரம் தானாக அறியாது. அதை மனிதனே முடிவு செய்ய வேண்டும். பயிற்சியின் கடினமான பகுதி இதுவே.

வெட்டு வேகம் என்பது, உலோகத்தின் மேற்பரப்பு ஒரு நிமிடத்தில் கருவி முனையைக் கடந்து செல்லும் தொலைவு. அது மீட்டரில் அளக்கப்படுகிறது. அதை 1,000-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரிலான விட்டத்தையும் 3.14-ஐயும் பெருக்கிய தொகையால் வகுத்தால், சுழல் அச்சின் நிமிடச் சுற்றுகள் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள மென்எஃகுத் தண்டை, அதிவேக எஃகுக் கருவியால் 30 மீட்டர் வேகத்தில் கடைய ஏறத்தாழ 190 சுற்றுகள் போதும். கார்பைடு கருவியால் 150 மீட்டர் வேகத்தில் கடைய 955 சுற்றுகள் தேவை.

வேகத்தைக் கூட்டினால் உற்பத்தி பெருகும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அமெரிக்கப் பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர் 1906-இல் வெளியிட்ட ஆய்வு, வேகம் சிறிது கூடினாலும் கருவியின் ஆயுள் பெரிதும் குறையும் என்பதை நிறுவியது. கார்பைடு கருவிக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் மதிப்பின்படி, வேகம் 20 விழுக்காடு உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். அதிவேக எஃகிலோ அது கால்பங்குக்கும் கீழே இறங்கும். கருவி மாற்றும் நேரமும் செலவும் மிகுந்து, ஈட்டிய ஆதாயம் கரைந்துபோகும். மறுபுறம், வேகத்தை மிகக் குறைத்தால் எஃகின் துகள்கள் கருவி முனையில் ஒட்டிப் பரப்பு சொரசொரப்பாகும். எனவே இடைப்பட்ட நிலையைத் தேர்வதே அறிவுடைமை.

உலோகத்துக்கேற்பவும் வேகம் மாறும். அலுமினியம் உயர்ந்த வேகத்தை ஏற்கும். டைட்டானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாததால், வெப்பம் கருவி முனையிலேயே தேங்கும். ஆகவே அதற்குக் குறைந்த வேகமே ஏற்றது.

முகப்பைக் கடையும்போது கருவி மையத்தை நோக்கி நகர, விட்டம் குறைகிறது. ஜி 96 என்னும் கட்டளை, வெட்டு வேகம் மாறாதவாறு சுற்றுகளைத் தானே உயர்த்தும். 150 மீட்டர் வேகத்தில், 200 மில்லிமீட்டர் விட்டத்தில் ஏறத்தாழ 240-ஆக இருக்கும் சுற்றுகள், 20 மில்லிமீட்டரில் 2,400-ஐ நெருங்கும். சுழற்சியின் மையவிலக்கு விசையால் பிடிப்பானின் பிடி தளர்ந்தால், கடையப்படும் பொருள் தெறித்து உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலால் பல எந்திரங்களில் ஜி 50 கட்டளையால் உச்சவரம்பு விதிப்பது இன்றியமையாதது.

புதிதாகக் கற்பவர், கருவி தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ள தாழ்ந்த அளவிலிருந்து தொடங்குவது நலம். முதலில் வெட்டு ஆழத்தையும், அடுத்து ஊட்டத்தையும், இறுதியாக வேகத்தையும் முடிவு செய்ய வேண்டும். ஏனெனில் ஆயுளை மிகுதியும் பாதிப்பது வேகமே. ஒரு முறைக்கு ஓர் அளவை மட்டும் மாற்றி, சீவலின் வடிவையும் ஒலியையும் பரப்பின் மென்மையையும் குறித்துவைத்தல் வேண்டும். பயிற்சி நிலையங்கள் நிரல் எழுதுவதோடு இவ்வழக்கத்தையும் மதிப்பீட்டில் சேர்க்குமானால், கிராமத்திலிருந்து வரும் மாணவர் பொத்தானை அழுத்துபவராக நின்றுவிடாமல், தேர்ந்த தொழில் வல்லுநராக உயர்வார்.