பழசாகிவிட்டதா, பழுதாகிவிட்டதா?

வாரன் பஃபெட் கட்டியெழுப்பிய பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் இணையதளம் எளிமைக்குப் பேர்போனது. உலகின் பெரும் நிறுவனங்களுள் ஒன்று, பல்லாண்டுகளாக வெள்ளைப் பின்னணியில் சில வரி இணைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளியது. ஆனால் 1977 முதலான பங்குதாரர் கடிதங்களைத் தேடி வந்தவர் யாரும் அங்கே வழி தெரியாமல் திண்டாடியதில்லை.

பிரிட்டனின் சில்லறை விற்பனை நிறுவனமான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் கதை நேர்மாறு. அமேசானின் தொழில்நுட்பத்தில் ஓடிக்கொண்டிருந்த தளத்தை விட்டுவிட்டு, சுமார் 15 கோடி பவுண்டு செலவில் 2014 பிப்ரவரியில் புதிய தளத்தைத் திறந்தது. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் மறுபடி பதிவுசெய்ய வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் - ஜூன் காலாண்டில் இணைய விற்பனை சுமார் 8 சதவிகிதம் சரிந்தது.

ஆக, தளம் பழசாகத் தெரிகிறது என்பது மட்டுமே அதை இடித்துக் கட்டக் காரணமாகாது. வந்தவர் வந்த வேலையை முடிக்க முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சின்னப் பழுதுகள்

முகவரிப் பட்டையில் ‘பாதுகாப்பற்றது’ என்று வருகிறதா? எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத தளங்களையெல்லாம் கூகுள் குரோம் 2018 ஜூலை முதல் அப்படித்தான் காட்டுகிறது. பணம் கட்ட வந்தவர் அதைப் பார்த்ததும் தயங்குவார். இதற்குப் புதுத் தளம் தேவையில்லை. ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ என்ற அமைப்பு அதற்கான சான்றிதழை இலவசமாகவே தருகிறது.

பக்கம் மெதுவாகத் திறக்கிறதா? முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். கேமராவில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருந்தால், அவற்றின் அளவைச் சுருக்கினாலே பல தளங்கள் வேகமெடுக்கும்.

பெரிய பழுதுகள்

செல்போனில் இரு விரலால் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டுமென்றால் விஷயம் பெரிது. கூகுள் இன்று தளங்களை மதிப்பிடுவது அவற்றின் செல்போன் வடிவத்தை வைத்துத்தான். கைப்பேசியில் தடுமாறும் தளம் தேடலிலும் பின்தங்கும்.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடு பரவுமுன் தனி எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கங்கள், அந்த எழுத்துரு இல்லாத கருவியில் புரியாத குறிகளாகத் தெரியும், தேடலிலும் சிக்காது. உள்ளடக்கம் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

அடித்தளமும் காலாவதியாகியிருக்கலாம். பல தளங்களை இயக்கும் பிஎச்பி மொழியின் 5.6 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 கடைசியோடு நின்றுவிட்டன. இன்னும் அதில் ஓடும் தளம் திறந்த வீடு.

எல்லாவற்றையும்விடத் தெளிவான அறிகுறி, கடை ஊழியர் போனில் சொல்லும் ஒரு வாக்கியம்: “வெப்சைட்ல இருக்கிற ரேட்டைப் பார்க்காதீங்க சார், வாட்ஸ்அப்ல அனுப்புறேன்.” விலையை மாற்ற ஒவ்வொரு முறையும் டெவலப்பரைத் தேட வேண்டியிருப்பதால், தளத்தை ஊழியர்களே கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

முடிவெடுக்கும் முன்

கடைக்குத் தொடர்பில்லாத நாலைந்து பேரிடம் அவரவர் போனிலேயே ஒரு பொருளின் விலையைக் கண்டுபிடித்து ஆர்டர் போடச் சொல்லுங்கள். உதவி செய்யாமல், எங்கே தடுமாறுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில்தான் சிக்கல் என்றால் அதை மட்டும் சரிசெய்யலாம். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று உடைகிறது என்றால் புதிதாகக் கட்டுவதே சிக்கனம்.

அப்போதும் பழைய பக்கங்களின் முகவரிகள் புதியவற்றுக்குத் திருப்பிவிடப்படுகின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் தேடலில் இத்தனை காலம் சேர்த்த இடம் பறிபோகும். டொமைன் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். தளத்தை மாற்றுவதற்கு முந்தைய மாதங்களின் ஆர்டர், விசாரணைக் கணக்கை எடுத்து வையுங்கள். புதுத் தளம் தேறியதா இல்லையா என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும்.