ஆடிக் காற்றில் அம்மி பறக்குமா?

'ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்' என்று பாட்டி சொல்லக் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் மாட்டுக் கொட்டகையின் தகரம் பறந்துபோய் அடுத்த தோட்டத்து வாழைக்குள் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அதன் மேல் பாரத்துக்கு வைத்திருந்த கற்கள் மாட்டின் பக்கத்திலேயே விழுந்தன. மயிரிழையில் தப்பியது!

தென்மேற்குப் பருவக்காற்று மலை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைய பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்று நான்கு வாசல்கள். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன?

வாழையைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். முட்டுக் கொடுத்தால் நிற்கும். கூரை சமாச்சாரம் வேறு. கூரை விளிம்பில் மோதிய காற்று அதன் மேலே வேகமெடுத்துப் பிரிந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. தகரம் மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. காற்று வரும் மேற்குப் பக்கம் கதவு திறந்து கிடந்தால் போச்சு, உள்ளே புகுந்த காற்றும் கீழேயிருந்து தூக்கும்.

எவ்வளவு தூக்கும்? ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தை (2015-ல் திருத்தியது) எடுங்கள். நம் பகுதிக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கி.மீ. சென்னைக்கு 50 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம். நமக்கு 912 நியூட்டன். சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ. கூரைக் குணகத்தை எளிமைக்காக 1 என்றே வைப்போம் (ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் கூடும்). பத்தடிக்குப் பத்தடி கொட்டகையைத் தூக்கும் விசை ஏறக்குறைய 860 கிலோ! தகரத்தின் எடையோ ஐம்பது கிலோகூட வராது. இருபது கிலோ கல்லாக நாற்பது கல் ஏற்றினால்தான் சரியாகும். அதைத் தாங்க வேறு கட்டை வேண்டும்.

ஆகவே கூரையைக் கீழே கட்டி இழுக்க வேண்டும். தகரத்தை ஜே-போல்ட் பர்லினோடு பிடிக்கணும், பர்லினை ட்ரஸ், ட்ரஸ்ஸைத் தூண், தூணை அஸ்திவாரம். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் அங்கேதான் பிய்யும். பெரும்பாலும் விடுபடுவது கடைசிக் கண்ணி. தூணைக் குழியில் நட்டு மண்ணைத் தள்ளி மிதித்துவிடுகிறோம். நான்கு தூணுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 215 கிலோ. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஒன்றரை அடி ஆழக் கான்கிரீட் கட்டியின் எடை சுமார் 229 கிலோ. அவ்வளவுதான் செலவு!

குன்றின் உச்சியில் கட்டுவோர் ஜாக்கிரதை. அங்கே வேகத்தை k3 என்ற எண்ணால் பெருக்கச் சொல்கிறது அதே நூல், அது 1.36 வரை போகும். வர்க்கம் அல்லவா, விசை கிட்டத்தட்ட இரட்டிப்பு.

எங்கள் கொட்டகைக்கும் நாலு குழி எடுத்துக் கான்கிரீட் போட்டாச்சு. ஓரத்தில் ஜே-போல்ட்டும் நெருக்கமாக அடித்தாயிற்று. அம்மா மட்டும் மேலே கிடக்கும் மிச்சக் கல்லை இறக்க விடமாட்டேன் என்கிறார்கள்.