மெயினை இறக்கிய பிறகும் வயரில் கரண்ட் இருக்குமா?

"மெயினை ஆஃப் பண்ணியாச்சு, தைரியமா கை வை." ஃபேன் ரெகுலேட்டர் மாற்றும்போதும் ஸ்விட்ச் போர்டைக் கழற்றும்போதும் நம் வீடுகளில் கேட்கிற பேச்சு இது. பெரும்பாலும் சரியாகவே போகும். போகாத இடங்கள் எவை என்று, கள்ளக்குறிச்சிப் பக்கத்து வீடுகளையும் மோட்டார் கொட்டகைகளையும் மனதில் வைத்து எழுதிப் பார்த்தேன்.

முதல் ஆள் இன்வெர்ட்டர். 2008-க்குப் பிறகு சில வருடங்கள் தமிழ்நாட்டைப் படுத்திய மின்வெட்டில் வீட்டுக்கு வீடு வந்து உட்கார்ந்த பெட்டி. மெயினை இறக்கினால் அது என்ன நினைக்கும்? கரண்ட் போய்விட்டது என்று நினைக்கும். உடனே பேட்டரியிலிருந்து 230 வோல்ட் தயாரித்து ஃபேன், லைட் லைனுக்கு அனுப்பிவிடும். அதாவது, நீங்கள் மெயினை அணைத்ததே இன்னொரு மெயினைப் போட்ட மாதிரி ஆகிறது. இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்கணும்.

இரண்டாவது, ஸ்விட்சை மட்டும் நம்புவது. ஸ்விட்ச் பேஸ் வயரில் இருக்கணும். வயரிங் பண்ணியவர் மாற்றி நியூட்ரலில் போட்டிருந்தாலும் பல்பு ஒழுங்காக எரியும், அணையும். ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டர் வரைக்கும் கரண்ட் நிற்கும். ஸ்விட்ச் அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு லேசாக மினுக்கினால் இதையும் ஒரு காரணமாகச் சந்தேகப்படலாம்.

சரி, டெஸ்டர் வைத்துப் பார்த்தால் போதாதா? அதன் உள்ளே ஒரு குட்டி நியான் பல்பும் சுமார் பத்து லட்சம் ஓம் ரெசிஸ்டரும் இருக்கு. கரண்ட் வயரிலிருந்து ரெசிஸ்டர், நியான், உங்கள் விரல், உடம்பு, தரை என்று போகிறது. கால் மில்லி ஆம்பியர்கூட வராது, அதனால் உடம்புக்குத் தெரியாது. அதாவது இந்தக் கருவியில் நீங்களும் ஒரு உதிரிபாகம்! ரப்பர் செருப்போடு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்றால் வெளிச்சம் மங்கிப்போகும். வெயிலில் அந்த மங்கல் கண்ணுக்கே தெரியாது. நியான் கெட்டிருந்தாலும் எரியாது. டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்குன்னு நம்பலாம். எரியலைன்னா, அதை வைத்து மட்டும் கரண்ட் இல்லைன்னு முடிவு பண்ணக்கூடாது.

அதனால்தான் தொழில் தெரிந்தவர்கள் மூன்று தடவை பார்ப்பார்கள். முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமான ஒரு பாயிண்டில் வைத்து, கருவி வேலை செய்கிறதா என்று. பிறகு கை வைக்கப்போகிற இடத்தில். பிறகு மறுபடியும் அந்த முதல் பாயிண்டில், நடுவில் கருவி செத்துப்போகவில்லையே என்று. மல்டிமீட்டர் இருந்தால் ஏ.சி. வோல்ட்டில் வைத்து பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் அளக்கணும். நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தால், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பூஜ்யம் காட்டிக்கொண்டே இரண்டு வயரும் எர்த்துக்கு எதிராக 230 வோல்ட்டில் இருக்கலாம். மலிவு மீட்டர்களில் 200, 750 என்று இரண்டு ஏ.சி. அளவு இருக்கும், 750-ல் வைக்கணும். சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் செருகியிருந்தால் வீட்டு லைனில் வைக்கவே கூடாது, நேரடி ஷார்ட் ஆகிவிடும்.

மூன்று தடவை பார்க்கும் வழக்கம் நம் ஊரில் ஒரு இடத்தில் இடிக்கும்: "கரண்ட் போயிருக்கு, வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்." வெள்ளிமலை மாதிரி கல்வராயன் மலை ஊர்களில் காற்று மழையில் கிளை விழுந்து லைன் போனால், எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் கருவியைச் சோதித்துப் பார்க்கவும் ஈ.பி. லைனில் வழியில்லை. அவசரமில்லாத வேலை என்றால் கரண்ட் வந்த பிறகு, மெயினை இறக்கி, அளந்து செய்வதே மேல். ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி உங்கள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் போட்டுவிட முடியாது.

எனக்கு இதைவிடப் பயம் தருவது மோட்டார் கொட்டகை. கீழே கரும்பு, நெல் வயல்களில் மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் என்ற முறை பல வருடம் பழகிப்போன ஒன்று. மற்ற நேரம் இரண்டு முனை இருக்கும். கொட்டகை லைட் எரியும், மோட்டார் ஓடாது. "மோட்டாருக்குக் கரண்ட் இல்லை" என்று சொல்லிவிட்டு ஸ்டார்ட்டரைத் திறப்பார்கள். உள்ளே இரண்டு பேஸ் உயிரோடு நிற்கும், அவற்றுக்கு நடுவே சுமார் 400 வோல்ட். ஒரு பேஸில் டெஸ்டர் எரியவில்லை என்பது மற்ற இரண்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தால், மூன்றாவது முனை வந்ததும் மோட்டார் தானாகவே கிளம்பும். இரண்டு முனையில் ஓட்டுவதற்குக் கண்டென்சர் போட்டிருந்தால், மெயினை இறக்கிய பிறகும் அதில் சார்ஜ் தங்கியிருக்கலாம். ஏ.சி. அளவில் வைத்த மீட்டர் அதைச் சரியாகக் காட்டாது, டி.சி.யில் பார்க்கணும்.

கடைசியாக, மெயின் ஸ்விட்சுக்கு மேலே வரும் வயர். மெயினை இறக்கினாலும் அதில் கரண்ட் அப்படியே இருக்கும். அதுவும் மீட்டரும் கம்பத்திலிருந்து வரும் வயரும் ஈ.பி. வேலை, லைன்மேனிடம் சொல்லலாம், இல்லையென்றால் 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் புகார் பதியலாம்.