காய்ச்சல் இல்லாத ஜன்னி

போன மார்கழியில் ஒருநாள் காலை அம்மா காபியைத் தொடவில்லை. 74 வயதில் யாருக்காகவும் அவர் விட்டுக்கொடுக்காதது அந்த முதல் காபி ஒன்றைத்தான். டம்ளரில் ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. “ஏம்மா, உடம்பு சரியில்லையா?” என்றேன். “ஒண்ணுமில்ல மணி, அசதியா இருக்கு” என்றார். மணி என் மாமா. அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது.

நெற்றியில் சூடு இல்லை. இருமலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மூச்சு மட்டும் மேலோட்டமாக, வேகவேகமாக வந்துகொண்டிருந்தது. கொரோனா சமயத்தில் வாங்கி அலமாரியில் போட்டுவைத்த ஆக்சிமீட்டரைத் தேடியெடுத்து, பேட்டரி மாற்றி, விரலில் மாட்டினேன். 88 காட்டியது. மதியம் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளை பூசியதுபோல இருந்தது. நிமோனியா.

“காய்ச்சலே இல்லையே டாக்டர்?”

“இந்த வயசுல பல பேருக்கு அப்படித்தான் வரும்” என்றார். உடலில் கிருமி புகுந்ததும் சூட்டை ஏற்றிப் போராடுகிற வேகம் வயதானால் குறைந்துவிடுகிறது. பசி போய்விடும், தூக்கம் கூடும், பேச்சு குழம்பும், நடக்கும்போது தடுமாறி விழுவார்கள். சிலருக்கு நோயின் முதல் அடையாளமே இதுதான். நம் ஊர்களில் கடும் காய்ச்சலோடு வரும் பிதற்றலை ஜன்னி என்பார்கள். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே ஜன்னி வந்துவிடுகிறது. நாம் ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லி இரண்டு நாளைக் கடத்திவிடுகிறோம்.

அடுத்ததாக டாக்டர் கேட்டார்: “நிமோனியா ஊசி போட்டிருக்கீங்களா?”

அறிவியல் எழுதிப் பிழைப்பவன் நான். அந்த ஊசி குறிவைக்கும் நிமோகாக்கஸ் என்ற கிருமியை 1881-ல் பாஸ்டரும் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஸ்டெர்ன்பெர்கும் தனித்தனியே கண்டெடுத்தது தெரியும். மரபுச் செய்தியைச் சுமப்பது டி.என்.ஏ.தான் என்று 1944-ல் ஏவரி குழுவினர் காட்டியது இதே கிருமியை வைத்துத்தான் என்று பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறேன். அம்மாவுக்கு ஊசி போட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

இதில் நான் தனியாள் இல்லை என்பது ஆறுதலா, அவமானமா தெரியவில்லை. 2017-18-ல் நாடு முழுக்க 45 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ‘லாசி’ என்ற முதுமை ஆய்வில், நிமோகாக்கஸ் ஊசி போட்டுக்கொண்டதாகச் சொன்னவர்கள் 0.6 சதவீதம். ஆயிரம் பேருக்கு ஆறு பேர். மீதிப் பேரெல்லாம் ஊசியை எதிர்க்கிறவர்கள் என்று நான் நம்பவில்லை. 2021 மார்ச்சில் 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கொரோனா ஊசி என்று அறிவித்ததும், ஆதார் அட்டையோடு வெயிலில் வரிசையில் நின்றவர்கள் இவர்களேதான். இந்த ஊசியைப் பற்றி யாரும் அவர்களிடம் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஊசி என்ன செய்கிறது என்று பார்க்க, மீன் ஆயும் இடத்துக்குப் போகலாம். உயிருள்ள விராலை வெறுங்கையால் பிடிக்க முடியாது, வழுக்கிக்கொண்டு ஓடும். மீன்காரம்மா சாம்பலைத் தொட்டுக்கொண்டு பிடிப்பார். நிமோகாக்கஸும் தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான சர்க்கரைப் பொருள் உறையைப் போர்த்தியிருக்கிறது. நம் வெள்ளணுக்கள் விழுங்க வந்தால் பிடி கிடைக்காமல் நழுவும். உறையில் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்கள்தான் அந்தச் சாம்பல். தடுப்பூசி உறையின் துண்டுகளை முன்கூட்டியே காட்டி, சாம்பலைத் தயாராக வைக்கச் சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், உறைகளில் நூறு வகைக்கு மேல் உண்டு. ஒன்றுக்கான சாம்பல் இன்னொன்றில் ஒட்டாது. ஒருமுறை நிமோனியா வந்தவருக்கு மறுபடி வருவதும், ஊசிகளின் பெயரோடு 13, 20, 23 என்று எண்கள் ஒட்டியிருப்பதும் இதனால்தான்.

கேட்பாரில்லாமல் கிடப்பது இந்த ஊசிக்குப் புதிதும் இல்லை. 1940-களின் இறுதியிலேயே அமெரிக்காவில் ஆறு வகை உறைகளுக்கான ஊசி விற்பனைக்கு வந்தது. பென்சிலின் புதிதாக வந்திருந்த காலம். ‘வந்தால் குணப்படுத்திக்கொள்ளலாம், வருமுன் எதற்கு ஊசி?’ என்று மருத்துவர்கள் சீந்தவில்லை. தயாரித்தவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற மருத்துவர் மட்டும் விடவில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மருத்துவமனை ஒன்றில் பத்தாண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 1964-ல் அவர் வெளியிட்டது பலரை அதிரவைத்தது: கிருமி ரத்தத்தில் கலந்தவர்களில், நோய் கண்ட முதல் ஐந்து நாட்களுக்குள் சாகிறவர்களைப் பென்சிலினாலும் ஏறக்குறையக் காப்பாற்ற முடியவில்லை. மருந்து கிருமியைக் கொல்கிறது. அதற்குள் உடல் முறிந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் அவர் நடத்திய சோதனைகளுக்குப் பிறகு, 1977-ல் 14 வகைகளுக்கான ஊசியும் 1983-ல் 23 வகைகளுக்கானதும் வந்தன.

ஆனால் வெறும் சர்க்கரை உறையை மட்டும் காட்டினால் நம் உடல் அதை நீண்டநாள் நினைவில் வைப்பதில்லை. சில ஆண்டுகளில் பலன் தேயும். ஆகவே அந்த உறைத்துண்டை ஒரு புரதத்தோடு பிணைத்தார்கள். நஞ்சு நீக்கிய டிப்தீரியா புரதம் இதற்குப் பயன்படுகிறது. இப்படி வந்த இணைப்பு ஊசியை அமெரிக்கா 2000-ல் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தது. தாத்தா பாட்டிகளிடமும் நோய் குறைந்தது! கிருமி குடியிருப்பது பேரப்பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் அல்லவா. இந்தியாவிலும் 2017 முதல் படிப்படியாகக் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடுகிறார்கள்.

பெரியவர்களுக்கு நேரடியாகப் போட்டால்? நெதர்லாந்தில் 65 வயதைக் கடந்த 84,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 13 வகை ஊசியைச் சோதித்தார்கள். ஊசியில் அடங்கிய வகைகளால் வரும் நிமோனியா சுமார் 46 சதவீதமும், அவை ரத்தம் வரை பரவும் கடுமையான நோய் 75 சதவீதமும் குறைந்தன. ஆனால் எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால் நிமோனியா அதிகம் குறையவில்லை. வைரஸும் வேறு பாக்டீரியாக்களும் இருக்கவே இருக்கின்றன. ‘இதைப் போட்டால் நிமோனியாவே வராது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சர்க்கரை, இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் 65 வயது வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நம்மைவிட விவரமானவர்கள் என்பதல்ல. ஊசி அங்கே இலவசம். ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரின் பதிவேட்டில் இருக்கிறார், வயது வந்ததும் அங்கிருந்தே அழைப்பு வரும். நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் முதியவருக்கு நிமோனியா ஊசி என்ற வரியே கிடையாது. தனியாரிடம் போட்டால் சில ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு வீட்டுப்படி ஏறுகிறார்கள். வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது அவர்கள் நோட்டில் இருக்கிறது. ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்க இதைவிடப் பொருத்தமான ஆள் யார்?

அம்மா பிழைத்து எழுந்தார். உடம்பு தேறியதும் ஊசி தேடி அலைந்தேன். மூன்று மருந்துக் கடைகளில் கையை விரித்தார்கள். கடைசியில் குழந்தைகள் டாக்டர் ஒருவரின் கிளினிக் ஃபிரிட்ஜில் கிடைத்தது. சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்த அறையில், கைக்குழந்தைகளுக்கு நடுவே அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். 20 வகைகளுக்கான ஊசி, ஒரே தவணை. மறுநாள் வரை கை வலித்தது.

பெரியவர்களுக்கென்று அட்டை இல்லையாம். நர்ஸ் குழந்தைகளின் அட்டை ஒன்றை எடுத்து, ‘6 வாரம்’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘74 வயது’ என்று எழுதிக் கொடுத்தார். ஆட்டோவில் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிறந்தப்ப எடை எவ்வளவுன்னு கேட்டிருக்கு” என்றார். பிறகு, “எடையெல்லாம் யாரு பார்த்தா? எனக்கு முந்திப் பொறந்தது ரெண்டும் ஜன்னியில போச்சாம். அதான் என்னைத் தவிட்டுக்கு வித்து வாங்கினாங்க” என்றபடி அட்டையை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார்.